ஆளிவிதை எண்ணெய்ப் பவுடரில் மூன்றே வாரத்தில் சிக்கு வாடை

கேள்வி:
கரைசலைச் சூடான காற்றில் தூவிப் பவுடராக்கும் ஸ்ப்ரே டிரையரில் போடுகிறோம். திடப்பொருள் 100 கிலோவில் எண்ணெய் 45, மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) 55. இன்லெட் (உள்ளே போகும் காற்று) 190, அவுட்லெட் (வெளியேறும் காற்று) 105 டிகிரி. பையின் உள்பக்கமெல்லாம் பிசுக்கு. சூட்டைக் குறைத்தால் போதுமா?

பதில் 1:
சூடு அப்புறம். முதலில் எண்ணெயைச் சுற்றிச் சுவரே இல்லையே! மால்டோடெக்ஸ்ட்ரின் இடத்தை நிரப்பும், எண்ணெயைத் தண்ணீரோடு பிடித்து வைக்காது. அந்த வேலைக்கு அரபிக் கோந்து வேண்டும். எண்ணெய் 25, கோந்து 25, மால்டோடெக்ஸ்ட்ரின் 50 என்று ஆரம்பியுங்கள். கோந்தை முந்தின இரவே கரைத்து ஊறவிடுங்கள். கரைசலில் மொத்தத் திடம் 35%. எண்ணெயைப் பொடித்துளியாக உடைக்கும் ஹோமோஜெனைசரில் இரண்டு தடவை ஓட்டி, எண்ணெய்த் துளியை 1 மைக்ரான் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி 2 மணி நேரம் வையுங்கள். விளிம்பில் மஞ்சள் வளையம் கட்டினால் எண்ணெய் பிரிகிறது என்று அர்த்தம், டிரையருக்கு அனுப்பவே வேண்டாம்.

பதில் 2:
இன்லெட் 170, அவுட்லெட் 80–85 போதும். ரொம்ப இறக்கினால் ஈரம் தங்கி, பவுடர் சேம்பர் சுவரில் ஒட்டும். டோகோஃபெராலை (சிக்கெடுப்பதைத் தள்ளிப்போடும் வைட்டமின் E) எமல்ஷனுக்கு (எண்ணெய்-நீர்க் கலவைக்கு) முன்பே எண்ணெயில் கலக்கணும். ஏற்கெனவே சிக்கெடுத்த எண்ணெயை அது மீட்காது.

கேட்டவர்:
மேற்பரப்பு எண்ணெயை, அதாவது துகளுக்கு வெளியே ஒட்டியிருப்பதை, எப்படி அளப்பது?

பதில் 1:
2 கிராம் பவுடர், 15 மில்லி ஹெக்ஸேன் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்), 2 நிமிடம் மெதுவாக ஆட்டி வடிகட்டுங்கள். ஹெக்ஸேன் ஆவியானதும் மிச்சத்தை எடை போடுங்கள். வேகமாகக் குலுக்கினால் உள்ளே இருப்பதும் வந்துவிடும், கணக்கு கெடும். ஃப்யூம் ஹூடில் (ஆவியை உறிஞ்சும் கூண்டில்) செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. 0.01 கிராம் வந்தால், 2 கிராம் பவுடரில் (25%) உள்ள 0.5 கிராம் எண்ணெயில் 2% வெளியே. அது நல்ல பவுடர். நைட்ரஜன் அடித்து அலுமினியப் பையில் கட்டுங்கள்.