செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கணுமா, கழட்டணுமா? (அப்பா மோட்டார்கிட்ட பேசின கதையோட)

நீடாமங்கலத்தான்:
எங்க வீட்ல ஒரு வாரமா இதே பேச்சு. மோட்டார் கொட்டகை வீட்லேருந்து முக்கால் கிலோமீட்டர். மும்முனை கரண்ட் ராத்திரி எந்நேரத்துக்கு வந்தாலும் அப்பா டார்ச்சை எடுத்துக்கிட்டு வரப்புல நடப்பார். போன வருஷம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அடியில கட்டுவிரியன் சுருண்டு கிடந்துச்சு. அதுக்கப்புறம்தான் சிம் போட்ட ஸ்டார்ட்டர் மாட்டினேன். போன் போட்டா ஒரு பொண்ணு குரல் வரும். ஒண்ணை அழுத்தினா மோட்டார் ஓடும், ரெண்டை அழுத்தினா நிக்கும்.

ஒண்ணை அழுத்த அப்பா நல்லாப் பழகிட்டார். போன வாரம் தண்ணி பாயுறப்போ திரும்பவும் போன் போட்டார். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது"ன்னுச்சு அந்தக் குரல். இவர், "சரிம்மா, அஞ்சு மணிக்கு நிறுத்திடு, நாங்க கல்யாணத்துக்குக் கும்பகோணம் போறோம்"னு சொல்லி வச்சுட்டார். பக்கத்துல அம்மா, "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேட்டீங்களா?"

திரும்பி வந்து பாத்தா தண்ணி வரப்பு மேல வழிஞ்சு பக்கத்து வயல்ல நிக்குது. மறுநாள் அறுக்க இருந்த குறுவை அது. சேத்துல டயர் வச்ச அறுப்பு மிஷின் இறங்காது, செயின் வச்ச மிஷின் பிடிக்க வேண்டியதாப் போச்சு. கூடுதல் வாடகை எங்க தலையில. சித்தப்பா அதைக் கழட்டி எறியச் சொல்றார். இருக்கணும்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?

வெண்ணாறு:
சித்தப்பா சொல்றதுதான் சரி. தண்ணி பாய்ச்சறது கண்ணும் காலும் சேந்து செய்யுற வேலை. எங்க தாத்தா மண்வெட்டியோட வரப்புல நடப்பார். நண்டு வளை இருக்கிற இடத்துல கால் பொதக்குன்னு இறங்கும். அங்கேயே ஒரு வெட்டு சேத்தை அள்ளிப் போட்டு மிதிச்சுட்டுத்தான் அடுத்த அடி. அந்த வளையை உங்க போன் காட்டுமா? ஒரு வளை போதும், விடியறதுக்குள்ள மேல் வயல் தண்ணி பூரா கீழ் வயலுக்குப் போயிடும்.

இன்னொண்ணு. ஆத்துத் தண்ணியை முறை வச்சு விடுறாங்க. நம்ம முறை வந்தா மடையில நின்னாகணும். போர் தண்ணிக்கு முறையும் கிடையாது, கரண்ட் பில்லும் கிடையாது. இப்போ எழுந்து போற சிரமமும் இல்லேன்னா யார் நிறுத்தப் போறா? நீர் மறைய நீர் கட்டு, அதாவது முன்னே விட்ட தண்ணி மண்ணுல மறைஞ்ச பிறகுதான் அடுத்த தண்ணின்னு சொல்லிக் கொடுத்தாங்க. மறைஞ்சுதான்னு படுத்துக்கிட்டே எப்படிப் பாப்பீங்க?

நீடாமங்கலத்தான்:
அண்ணே, நண்டு வளை நியாயம். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுபது வயசு மனுஷர் வரப்புல நடக்கணும்னு சொல்றது நியாயமா? வளையைக் காலையில போய்ப் பாக்கட்டும். அந்தக் கட்டுவிரியனைப் பாத்த கையோட எழுதறேன், பாக்காதவங்களுக்கு இது புரியாது.

கடைமடைக்காரி:
தலைஞாயிறு பக்கம் எங்க ஊர், ஆத்துத் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. நான் வேற ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எந்த மிஷின் வந்தாலும் முதல்ல எங்க ஆத்தாதான் மாட்டுது. கொள்முதல் நிலையத்துல நெல்லு போட கைரேகை வைக்கச் சொன்னாங்க. நிலம் ஆத்தா பேர்ல. அம்பது வருஷம் நாத்துப் பறிச்ச கை, ரேகையே இல்ல. துடைச்சு வச்சாங்க, எண்ணெய் தடவி வச்சாங்க, பத்து விரலும் வச்சுப் பாத்தாச்சு. கடைசியில கண்ணைப் படம் பிடிக்கிற கருவியைக் கொண்டாந்தாங்க. ஆத்தா அதைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டு ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிச்சு. "பாட்டி, கண்ணைத் தொறங்க"ன்னு அந்தப் பையன் கெஞ்சறான். வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாங்க, ஆத்தாவும் சிரிச்சுது. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. வயல்ல தேஞ்ச கை அது. அந்தக் கை நெல்லு விளைய வச்சுதுங்கறதுக்கு அந்தத் தேய்மானத்தை விட வேற என்ன சாட்சி வேணும்?

வெண்ணாறு அண்ணன் பேச்சையும் நான் ஒத்துக்க மாட்டேன். எங்க பக்கம் போர் போட்டா உப்புத் தண்ணி. மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வரதுக்குள்ள பாதி நாத்து வெளுத்துடும். மடையில நிக்க மனசு இருக்கு, தண்ணிதான் இல்ல. மேல் மடைக்காரங்க எவ்வளவு எடுக்கறாங்கன்னு காட்டுற ஒரு கருவி இருந்தா, அதை நான் மஞ்சள் குங்குமம் வச்சு மாட்டுவேன்.

மூணுமா:
திருவையாறு. ஈரப்பத மீட்டர் கதை ஒண்ணு. கொள்முதல்ல நெல்லோட ஈரம் 17 சதம் வரைக்கும்தான் கணக்கு. சொந்தமா ஒரு மீட்டர் வாங்கினேன். தாத்தா களத்துல ஒரு நெல்லை எடுத்துக் கடிச்சார். பல்லுல 'கடக்'னு சத்தம் வரல. "இன்னும் ஒரு வெயில் காயணும்"னார். மீட்டர் 18.4. மறுநாள் சாயங்காலம் கடிச்சார், 'கடக்'. மீட்டர் 16.8. அன்னைக்கு ராத்திரி மீட்டரைத் தலைமாட்டுல வச்சுத் தூங்கினார். மிஷின் தாத்தாவைத் தோக்கடிக்க வரலைன்னு அவருக்குப் புரிஞ்சுது, அவ்வளவுதான். வெண்ணாறு அண்ணே, நீங்க எடுத்ததுமே சண்டைக்கு நிக்கறீங்க.

வெண்ணாறு:
சண்டை இல்ல தம்பி. உங்க தாத்தாவுக்குப் பல்லு தெரியும், அதனால மீட்டர் சரியா தப்பான்னு சொன்னார். நாளைக்கு உன் பையனுக்கு மீட்டர் மட்டும்தான் தெரியும். அது பழுதானா எதைக் கடிப்பான்? கடைமடைத் தங்கச்சி சொன்னது மனசைக் குத்துது. எங்க வயலும் மேல் மடைதான். நான் அதை யோசிக்கல.

நீடாமங்கலத்தான்:
நேத்து அந்த ஸ்டார்ட்டர்லயே டைமர் இருக்கறதைக் கண்டுபிடிச்சேன். ரெண்டு மணி நேரம் வச்சிருக்கேன், தானா நிக்கும். காலையில ஆறு மணிக்கு அப்பாவும் நானும் வரப்பு சுத்தறோம். இன்னைக்கு மட்டும் மூணு நண்டு வளை அடைச்சோம். சித்தப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசல. அப்பா போனை வைக்கறதுக்கு முன்னாடி "வரேம்மா"ன்னு சொல்றதை விடல.

வெண்ணாறு:
அடுத்த வாரம் அந்தப் பக்கம் வரேன். டைமரைக் காட்டு. எலி வளைக்கும் நண்டு வளைக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியுதான்னு நானும் பாக்கறேன்.