மரக்கடைசல் லேத்துக்குக் கரண்ட் கொடுத்த அனுபவம்: பட்டறைக்காரர்கள் பகிர்வு

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கம் காய்ப்பு குறைந்த மாமரங்களை வெட்டும்போது கட்டை விலை மலிவாகக் கிடைக்கும். அதில் கட்டில் கால், பூரிக்கட்டை, கிண்ணம் எல்லாம் கடைகிறோம். ஓசூரில் மூடிவிட்ட ஒரு பட்டறையிலிருந்து பழைய வார்ப்பிரும்பு லேத் ஒன்றை வாங்கி வந்தோம். 2 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம்.

கான்கிரீட் மேடை போட்டு, ரசமட்டம் பார்த்து, போல்ட் முறுக்கியாயிற்று. கட்டை சுழலும் மையம், நிற்பவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். சித்தப்பாதான் அதிகம் கடைவார் என்பதால் அவர் முழங்கையை அளந்துதான் மேடை கட்டினோம். நான் ஒரு பலகை மேல் ஏறி நின்று வேலை செய்கிறேன்.

ஒயர்மேன் அண்ணன் வந்ததும் நான் முதலில் கேட்டது ஸ்டார்ட்டரைப் பற்றித்தான். கரண்ட் போன நேரத்தில் உப்புத்தாளோடு கட்டையைக் கையால் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்போம். வெறும் சுவிட்ச் போட்டிருந்தால், கரண்ட் வந்த நொடியே லேத் ஓடத் தொடங்கிவிடும். விரல் போய்விடும். டிஓஎல் ஸ்டார்ட்டர் என்பது பட்டனை அழுத்தினால் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் விடும் பெட்டி. கரண்ட் நின்றதும் அதன் உள்ளே இருக்கும் காந்தக் காயில் இணைப்பை விட்டுவிடும், மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். கிணற்று மோட்டாருக்கு வைக்கிற ஆட்டோ ஸ்டார்ட்டர் இதற்கு நேர் எதிர். கரண்ட் வந்ததும் தானாக ஓட்டுவதுதான் அதன் வேலை. தோட்டத்தில் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதைத் தயவுசெய்து லேத்துக்கு மாட்டாதீர்கள். விவசாய சர்வீஸிலிருந்து பட்டறைக்கு ஒயர் இழுப்பதும் கூடவே கூடாது.

அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வைத்தோம். சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரும் போட்டோம், அது இல்லாவிட்டால் ஒரு ஃபேஸ் போகும்போது மோட்டார் உறுமி உறுமியே அதன் சுருள் எரிந்துவிடும். சிவப்புப் பட்டனைச் சுவரில் வைக்க வேண்டாம், இடுப்பு உயரத்தில் லேத்தின் உடம்பிலேயே வையுங்கள் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். உளி சிக்கும்போது சுவர் வரை போக நேரம் இருக்காது.

பெல்ட் மாட்டாமல் ஓட்டிப் பார்த்தபோது மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. மூன்று ஃபேஸில் இரண்டை மாற்றிக் கட்டியதும் சரியாகிவிட்டது. கட்டையின் மேல்பக்கம் நம்மை நோக்கி இறங்கி வர வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டிக் கடைந்தால் மரையில் முறுக்கிய, கட்டையைப் பிடிக்கும் ஃபேஸ்பிளேட் தட்டு கழன்று வந்துவிடலாம்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். நான்கு மூலைச் சதுரக் கட்டை 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 100 மூலைகள் கடந்து போகும். இரண்டும் ஒத்துப்போவதால் கட்டை அசையாமல் நிற்பது போலத் தெரியும். 1440 என்றால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவது போல இருக்கும். நின்றுவிட்டது என்று நம்பிக் கை வைத்தால் அவ்வளவுதான். மினுக்காத நல்ல எல்இடி விளக்கு ஒன்றை லேத்துக்கு நேர் மேலே தொங்கவிட்டிருக்கிறோம்.

பாலக்கோட்டிலிருந்து:

எங்களுக்கு சிங்கிள் ஃபேஸ் இணைப்புதான். த்ரீ ஃபேஸ் மோட்டாரை, அதன் வேகத்தை மாற்றித் தரும் விஎஃப்டி என்ற மின்னணுப் பெட்டி வைத்து ஓட்டுகிறேன். உள்ளே 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் போகும், வெளியே 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் வரும். அதனால் ஸ்டார் முறையில் சுருள்கள் இணைந்திருந்த மோட்டாரை டெல்டா முறைக்கு மாற்றிக் கட்ட வேண்டும். தகட்டில் 230/415 என்று இரண்டும் எழுதியிருந்தால்தான் இது முடியும். டெல்டாவில் ஆம்பியர் சுமார் 1.73 மடங்கு ஏறும், விஎஃப்டியை அந்தக் கணக்குக்கு வாங்குங்கள்.

வேகத்தை ஒரு குமிழில் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கணக்கு. 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 வரை. கட்டை கோணலாக இருந்தால் அதற்கும் கீழே தொடங்குவேன். ரொம்பக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள், மோட்டாரின் விசிறியும் சேர்ந்து மெதுவாவதால் சூடு ஏறும்.

முந்தைய பதிவில் சொன்ன ஆபத்து இதிலும் உண்டு. கரண்ட் வந்ததும் தானாக ஓடும் அமைப்பு சில விஎஃப்டியில் இருக்கும், அதை அணைத்து வையுங்கள். நிறுத்தும் நேரத்தையும் ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம். கனமான கட்டை சட்டென்று நின்றால், கட்டையைக் கவ்வும் சக் மரையிலிருந்து கழன்றுவிடும். விஎஃப்டி பெட்டிக்குள் மரத்தூள் போகாமல் மூடி வைப்பது ரொம்ப முக்கியம்.

ஊத்தங்கரையிலிருந்து:

எர்த் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுகிறது. எர்த் குழாய் 2.5 மீட்டராவது இறங்க வேண்டும். பாறை குறுக்கே வந்தால் குழாயைச் சாய்த்து இறக்கலாம், எங்கள் ஒயர்மேன் அப்படித்தான் செய்தார். சுற்றிக் கரியும் உப்பும் போட்டு மூடி, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி வருகிறோம். பாறையைக் காரணம் காட்டி லேத் உடம்பை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் லேத் முழுவதும் கரண்ட் ஏறிவிடும்.