முறுக்கு படம் எடுத்தா பச்சையா வருது, என்ன பண்றது?

லயத்து வீட்டுப் பொண்ணு:
வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். அம்மா சுடற முள்ளு முறுக்கும் அச்சு முறுக்கும் இவ்ளோ நாளா பாசார் மாலாம்லயும் (ராத்திரி சந்தை) தெரிஞ்சவங்களுக்கும்தான் வித்துக்கிட்டிருந்தோம், இந்தத் தீபாவளிக்கு ஆன்லைன்ல விக்கற ஷாப்பீலயும் போடலாம்னு கடை தொறந்துட்டேன். பிரச்சினை படம்தான். வீட்டுக்குள்ள டியூப் லைட்ல எடுத்தா மங்கலா வருது, சரின்னு முன்வாசல் கூரைக்குக் கீழ மேசை போட்டு எடுத்தேன், வெளிச்சம் நல்லா இருக்கு ஆனா முறுக்கு பச்சை பூத்த மாதிரி இருக்கு, பழசுன்னு நெனைப்பாங்க. முறுக்கு போட்டு வைக்கற பாலாங்ல (ஜாடி) வேற வெள்ளையா ஒரு கோடு விழுந்து உள்ள இருக்கறதே தெரியல. பொருள உள்ள வச்சு படம் எடுக்கற லைட் பாக்ஸ் வாங்கித்தான் ஆகணுமா? அம்மா விடியக்காலைல எழுந்து மாவு பெசையறாங்க, அது படத்துல இப்படித் தெரியறது மனசுக்கு கஷ்டமா இருக்கு.

ஈப்போக்காரன்:
தங்கச்சி, முன்வாசல் கூரை என்ன கலர்? பச்சை பிளாஸ்டிக் ஷீட்டா?

லயத்து வீட்டுப் பொண்ணு:
ஆமாண்ணே, பச்சைதான். செவுரும் பச்சை பெயின்ட்.

ஈப்போக்காரன்:
அதான் விஷயம். அந்த ஷீட் வழியா வர்ற வெளிச்சமே பச்சை, செவுத்துல பட்டு திரும்பி வர்றதும் பச்சை. போன் தானாவே கலரைச் சரி பண்ணப் பாக்கும், ஆனா ஒரு பக்கம் பச்சை இன்னொரு பக்கம் வெயில்னு ரெண்டு வெளிச்சம் கலந்தா அதுக்கு கணக்கு தப்பிடும். லைட் பாக்ஸ் இப்ப வேணாம். காலைல ஒம்பது பத்து மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் மேசையப் போடு, வீட்டு லைட் எல்லாத்தையும் அணைச்சிடு, இது முக்கியம். ஸ்கூல் சாமான் கடைல மாஜோங் பேப்பர்னு பெரிய வெள்ளைத் தாள் கிடைக்கும்ல, அதுல ஒண்ண செவுத்துல டேப் போட்டு ஒட்டி மடிப்பு விழாம வளைச்சு மேசை மேல வரைக்கும் இறக்கி விடு, பின்னாடி கோடே தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரணும், அப்பதான் முறுக்கோட முள்ளு ஒவ்வொண்ணும் எடுப்பா தெரியும். பிளாஷ் போட்டா நேரா அடிச்சு எல்லாம் தட்டையாயிடும். எதிர்ப்பக்கம் இருட்டா இருந்தா ஒரு வெள்ளை மணிலா கார்ட (கெட்டி அட்டை) நிறுத்தி வை, வெளிச்சத்தத் திருப்பி அடிக்கும்.

வெள்ளை பேப்பர்ல வச்சா போன் வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முறுக்கு மேல தொட்டு, பக்கத்துல வர்ற சூரியன் குறிய கொஞ்சம் மேல இழு. போன கிட்ட கொண்டு போகாத, பாலாங் வயிறு ஊதின மாதிரி வரும், ரெண்டடி தள்ளி நின்னு 2x ஜூம்ல எடு. பாலாங்ல விழற வெள்ளைக் கோடு, வெளிச்சம் வர்ற பக்கம் அதுல பட்டு பிரதிபலிக்கறதுதான். பாலாங்க கொஞ்சம் நகத்து, இல்ல நீ நிக்கற இடத்த மாத்து, கோடு ஓரமா போயிடும்.

கிள்ளான் அக்கா:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கம்மா. ஷாப்பீல ஒரு பொருளுக்கு 9 படம் வரைக்கும் போடலாம், அத்தனையும் வெள்ளை பேப்பர்ல போட்டா வாங்கறவங்களுக்கு அளவு புரியாது. ஒரு படத்துல ஒரு முறுக்க கைல புடிச்சிக் காட்டு, ஒண்ணு உடைச்சு உள்ள எப்படி இருக்குன்னு காட்டு, ஒண்ணுல எடை எழுதின லேபிள் தெளிவா தெரியட்டும். சுட்ட அன்னிக்கே எடுத்துடு, நம்ம ஊர் ஈரக்காத்துல தட்டுல கொஞ்ச நேரம் கெடந்தாலே நமுத்துப் போயிடும். அப்புறம் பில்டர் போட்டு பொன்னிறமா மாத்தாத. போன வருஷம் நான் நெய் உருண்டைய அப்படி மாத்திப் போட்டேன், வாங்கினவங்க படத்துல ஒரு கலர் வந்தது ஒரு கலர்னு காச திரும்பக் கேட்டாங்க, கேக்கறது நியாயம்தானே. படத்த வேற போனுக்கு அனுப்பறதா இருந்தா வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்பு, படமா அனுப்பினா அது சுருக்கிடும்.

லயத்து வீட்டுப் பொண்ணு:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. இன்னிக்குக் காலைல அப்பா ரூம் ஜன்னல்கிட்ட எடுத்தேன், பச்சை சுத்தமா போயிடுச்சு, எள்ளு கூட ஒண்ணொண்ணா தெரியுது, அம்மா போன கைல வாங்கி பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருக்காங்க. அச்சு முறுக்கு மட்டும் பாக்கி, மத்தியானம் மழை புடிச்சு ரூம் இருட்டாயிடுச்சு. நாளைக்கு மறுபடியும் சுடறோம்.