இ-புக் ரீடரில் வீட்டு வரைபடம் பெரிதாக மாட்டேங்குது

செக்காலை:
செட்டிநாட்டு வீடு ஒன்றோட தரைத்தள வரைபடத்தைச் சேர்த்து இபப் (இ-புக் ஃபைல்) தயார் பண்ணியிருக்கோம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். படமும் அதே நீளத்துக்கு ஓடுது. 6 இன்ச் கிண்டிலில் வளவு, பட்டாலைன்னு வீட்டுப் பகுதிகளோட பேர் எழுதியிருக்கிறது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ரெண்டு விரலால் விரிச்சா எழுத்தளவுதான் மாறுது. கேஓரீடர் ஆப் போட்ட கோபோ ரீடரிலும் அப்படியே. வழி இருக்கா?

பள்ளத்தூர்:
பக்கத்து மேல விரிச்சா எழுத்தளவுதான் மாறும். படத்தைத் தனியாத் திறக்கணும். கிண்டிலில் படத்தை அழுத்திப் பிடிங்க. மாடலைப் பொறுத்து நேராத் திறக்கும், இல்லேன்னா பூதக்கண்ணாடி வரும், அதைத் தொடுங்க. பிறகு விரிக்கலாம். கேஓரீடரிலும் அழுத்திப் பிடிச்சாப் போதும். திருப்புற பொத்தான் கீழே இருக்கும். தெரியலேன்னா படத்தை ஒரு தட்டு தட்டுங்க. அதுக்கப்புறமும் மங்கலா இருந்தா ரீடரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. படம் எத்தனை பிக்சல்?

செக்காலை:
ரெண்டிலும் திறந்துருச்சுங்க, நன்றி. ஆனா பெரிசாக்கினா எழுத்து கரைஞ்சு போகுது. 1600 × 410. வரைஞ்சவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினது.

பள்ளத்தூர்:
அங்கதான் போச்சு. போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும்; டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. 300 பிபிஐ (இன்ச்சுக்கு 300 பிக்சல்) உள்ள 6 இன்ச் திரை 1072 × 1448 பிக்சல். படத்தைப் படுக்கவாக்கில் திருப்பினாலே உங்க 1600 பிக்சல் தீர்ந்துபோகுது, பெரிசாக்க மிச்சமே இல்லை. காகிதத்தில் 40 செ.மீ. நீளம்னு வைங்க, 300 டிபிஐயில் ஸ்கேன் பண்ணா சுமார் 4,700 பிக்சல் கிடைக்கும். கோட்டுப்படத்துக்குக் கறுப்பு-வெள்ளை பிஎன்ஜிதான் சரி. ஜேபெக்கில் கோட்டைச் சுத்தித் தூசி படியும், இ-இங்க்கில் அது அழுக்காவே தெரியும். சுருக்கினதும் முதல்ல காணாமப் போறது புள்ளி: 'பட்டாலை', 'படடாலை' ஆயிடும்.

ஆத்தங்குடி:
காலிபரில் (இ-புக் மாத்துற சாஃப்ட்வேர்) மாத்துறதா இருந்தா அவுட்புட் புரொஃபைலில் 'டேப்லெட்' தேர்ந்தெடுங்க, அது படத்தைச் சுருக்காது. பழைய மோபி ஃபார்மேட் பக்கமே போகாதீங்க, படத்தை நசுக்கிடும். காலிபரோட 'எடிட் புக்'கில் திறந்து ரெண்டு விஷயம் பாருங்க. படம் லிங்க்குக்குள்ள மாட்டியிருந்தா, கிண்டிலில் தொட்டதும் லிங்க்தான் ஓடும். சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற குறியீடு) பின்னணிப் படமா வச்சிருந்தா ரீடர் அதைப் படமாவே எடுத்துக்காது. ரெண்டுமே இல்லாம சாதாரண இமேஜ் டேகா இருக்கட்டும்.

என்னைக் கேட்டா இந்த நீளத்துக்கு ஜூமை மட்டும் நம்ப வேண்டாம். முழுப்படம் ஒரு பக்கம். அடுத்து முகப்பு, வளவு, இரண்டாங்கட்டுன்னு வெட்டித் தனித்தனிப் பக்கம். முற்றத்துக்கு நடுவில் வெட்டாதீங்க, வாசல் நிலை வர்ற சுவர்ல வெட்டுங்க. அந்தச் சுவர் ரெண்டு துண்டுலயும் வரட்டும். எந்த வாசல் எங்கே திறக்குதுன்னு அப்பத்தான் புரியும்.