புது கார் முன் கண்ணாடியில் எதுக்கும் மசியாத படலம், பசை, வெள்ளைப் புள்ளி

திருப்பூர்_வண்டி:
வணக்கமுங்க. வண்டி எடுத்து மூணு வாரம் ஆச்சு. மழையில வைப்பர் ஒருதடவை போய்ட்டு வந்தா, பின்னாடியே பால் ஊத்துன மாதிரி ஒரு மங்கல் வந்து ரெண்டு செகண்ட்ல மறையுது. ராத்திரி எதிர் வண்டி லைட் பட்டா கண்ணாடி முழுக்க வெளிச்சம் பரவி ரோடே தெரியறதில்ல. இது போக, மேல் மூலையில ஷோரூம் ஸ்டிக்கர் உரிச்ச இடத்துல பசை, கீழ்ப்பக்கம் வட்ட வட்டமா வெள்ளைப் புள்ளி. கார் ஷாம்பு, நீலக் கலர் கிளீனர், ஈர நியூஸ்பேப்பர் எல்லாம் பாத்தாச்சுங்க. ஷோரூம்ல டெஃப்லான் கோட்டிங் போட்டுக் குடுத்தாங்க. வீட்ல போர் தண்ணிதான். நேரா பாலீஷ் கடைக்கே கொண்டு போயிடலாமுங்களா?

பட்டறை_பாலு:
பாலீஷ் கடைசி வேலை, இப்ப வேண்டாம். உங்க கண்ணாடியில இருக்கிறது ஒரு கறை இல்ல, நாலு. ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. எல்லாத்துக்கும் ஒரே கிளீனரை அடிச்சதாலதான் எதுவும் போகல.

வைப்பருக்குப் பின்னால வர்ற மங்கல் வெளிப்பக்கம். கோட்டிங் போடும்போது கண்ணாடியில பட்ட மெழுகு, சிலிக்கான்தான் பெரும்பாலும் காரணம். சோதிக்கிறது சுலபம்: கண்ணாடியைக் கழுவிட்டு மேலிருந்து ஒரு மக் தண்ணி ஊத்துங்க. சுத்தமான கண்ணாடியில தண்ணி ஒரே விரிப்பா இறங்கும். அங்கங்க உடைஞ்சு முத்து முத்தா நின்னா, அங்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கு.

நிழல்ல, கண்ணாடி குளிர்ந்த பிறகு ஆரம்பிங்க. 1 லிட்டர் தண்ணியில 5 மில்லி பாத்திரம் கழுவுற லிக்விட் கலந்து முதல் கழுவல். அப்புறம் க்ளே பார் (ஒட்டியிருக்கிற பிசுக்கை இழுத்து எடுக்கிற, களிமண் மாதிரி கட்டி). உள்ளங்கை அளவு தட்டிக்கிட்டு, ஷாம்பு தண்ணி தெளிச்ச ஈரத்துல மட்டும், அழுத்தாம நேர்கோட்டுல தேய்க்கணும். கண்ணாடியை நாலு பாகமாப் பிரிச்சு ஒவ்வொண்ணா முடிங்க. முதல்ல சொரசொரன்னு இழுக்கும், வழுக்க ஆரம்பிச்சா அந்த பாகம் முடிஞ்சது. க்ளே தரையில விழுந்துட்டா தூக்கிப் போட்டுடுங்க, ஒட்டின மணல் கண்ணாடியைக் கீறும்.

அடுத்தது ஐசோபுரோபைல் ஆல்கஹால். 99% வாங்கினா 700 மில்லிக்கு 300 மில்லி பேட்டரி தண்ணி (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்ல). ஒரு துணியில நனைச்சுத் துடைக்கணும், அது உலர்றதுக்குள்ள இன்னொரு காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணியால எடுத்துடணும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஆல்கஹால் பிசுக்கைக் கரைக்குமே தவிர மாயமாக்காது. உலர விட்டா அதே பிசுக்கு அதே இடத்துல மறுபடி படியும்.

திரும்ப ஒரு மக் தண்ணி ஊத்திப் பாருங்க. இன்னும் முத்து முத்தா நின்னா அது இறுகிப்போன சிலிக்கான், ஆல்கஹாலுக்குக் கரையாது. அதைத் தேய்ச்சுத்தான் எடுக்கணும், அதுக்கு சீரியம் ஆக்சைடுங்கிற கண்ணாடி பாலீஷ் பொடி.

வைப்பர் ரப்பரை மறந்துடாதீங்க. ஆல்கஹால் துணியால ரப்பர் விளிம்பை ரெண்டு மூணு தடவை இழுத்து விடுங்க, போதும். கறுப்பு வர்றது நிக்கணும்னு தேய்ச்சுக்கிட்டே இருந்தா மேல இருக்கிற கிராஃபைட் பூச்சும் போயிடும். ரப்பரை விட்டுட்டுக் கண்ணாடியை மட்டும் துடைச்சா, அடுத்த மழையில பழைய மங்கல் திரும்பி வரும். வைப்பர் கையைத் தூக்கி வச்சா கீழ ஒரு தடிமனான டவல் விரிச்சிடுங்க. ஸ்பிரிங் வேகத்துல கை வந்து அடிச்சா கண்ணாடி விரிசல் விடும். வைப்பர் பானெட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற வண்டின்னா, சர்வீஸ் நிலைக்கு (வைப்பர் கண்ணாடி மேல வந்து நிக்கிற நிலை) கொண்டு வராம தூக்கவே கூடாது.

நெல்லை_மெக்:
ராத்திரி வெளிச்சம் பரவுறது முக்கால்வாசி உள்பக்கத்துப் பிரச்சினை. புது டேஷ்போர்டு பிளாஸ்டிக்கை மெத்துன்னு வைக்கிறதுக்காகக் கலந்திருக்கிற ரசாயனம் வெயில்ல ஆவியாகும், சாயங்காலம் கண்ணாடி குளிர்ந்ததும் அதுல போய்ப் படியும். புது வண்டி வாசனைன்னு நாம ரசிக்கிறோமே, அதுல ஒரு பங்கு இதுதான். முதல் சில மாசம் துடைக்கத் துடைக்க வரும், வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல. வாரம் ஒருதடவை துடைங்க, போகப்போகக் குறையும்.

உள்பக்கம் துணியில அடிச்சுத் துடைங்க, கண்ணாடியில நேரா அடிக்காதீங்க. வழிஞ்சா திரை, ஸ்பீக்கர் வலை, கண்ணாடி நடுவுல இருக்கிற கேமரா, மழை சென்சார் எல்லாத்துக்குள்ளயும் போகும். அமோனியா இருக்கிற கிளீனரும் உள்ள வேண்டாம். கீழ் மூலைக்குக் கை எட்டாது. புறங்கையால துணியைத் தள்ளினா எட்டும். உள்ள மேலும் கீழுமா, வெளிய இடமும் வலமுமா துடைச்சுப் பழகிக்குங்க. அப்புறம் கோடு தெரிஞ்சா அது எந்தப் பக்கத்துக் கோடுன்னு பார்த்ததும் புரிஞ்சிடும்.

டேஷ்போர்டு பளபளக்கணும்னு சிலிக்கான் பாலீஷ் அடிக்கிற ஆசையை இந்த வருஷம் தள்ளி வைங்க. அதுவும் வந்து கண்ணாடியிலதான் உக்காரும்.

சேலம்_கீர்:
பசைக்கு: ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம ஒரு நிமிஷம் சூடு காட்டுங்க. இளகினதும் பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால தள்ளுங்க. மிச்சத்துக்கு நீலகிரித் தைலம் பஞ்சுல தொட்டு 5 நிமிஷம் ஒட்டி வச்சா பசை உருண்டு வந்துடும். தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், ஆனா அரை மணி நேரம் பொறுக்கணும். எண்ணெய் எதைப் போட்டாலும் பின்னாடி பாத்திர லிக்விட், அப்புறம் ஆல்கஹால். இல்லேன்னா பசை போன இடத்துல புதுப் பிசுக்கு. தின்னர் வேண்டாம், ஓர ரப்பரையும் பெயிண்டையும் தின்னும்.

பிளேடு போடுறதா இருந்தா புது பிளேடு, ஈரக் கண்ணாடி, சாய்ச்ச பிடி, ஒரே திசை. முன் கண்ணாடியோட வெளிப்பக்கத்துல மட்டும். பின் கண்ணாடி உள்பக்கத்துல சூடேத்துற கம்பிக்கோடு ஓடும், அங்க பிளேடு பட்டா கோடு அறுந்துடும். உள்ள ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிற பக்கம் சூடும் வேண்டாம், தைலமும் வேண்டாம். உரிஞ்சா அந்த டேக் அவ்வளவுதான், புதுசு வாங்கணும்.

பட்டறை_பாலு:
வெள்ளைப் புள்ளி போர் தண்ணி உப்பு, சுண்ணாம்புதான் அதிகம். மளிகைக் கடை வெள்ளை வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. புள்ளி இளகினா நல்ல சேதி: டிஷ்யூ பேப்பரை வினிகர்ல நனைச்சுப் புள்ளி மேல ஒட்டி 10 நிமிஷம், உலர விடாம. அப்புறம் நிறைய தண்ணி விட்டு அலசுங்க, பெயிண்ட்ல வழிஞ்சதையும் சேர்த்து. ரெண்டு மூணு சுத்து தேவைப்படலாம்.

அசையவே இல்லேன்னா அது சிலிக்கா. கண்ணாடியும் அதே சாதிப் பொருள்தான், வினிகர் ஒண்ணும் பண்ணாது. சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணி விட்டு தயிர் பதத்துக்குக் குழைச்சு, ஃபெல்ட் (அழுத்தின கம்பளித் துணி) துண்டால கையில தேய்க்கணும். ஒரு நேரத்துல ஒரு அடி சதுரம், 5 முதல் 10 நிமிஷம், காயக் காய தண்ணி தெளிச்சு. மெஷின் போட்டா வேகம் குறைவா வைங்க, புறங்கையால தொட்டா வெதுவெதுப்புக்கு மேல போகக் கூடாது. ஒரே இடத்துல நின்னு தேய்ச்சா கண்ணாடி பள்ளமாகி, பார்க்கிறது நெளிஞ்சு தெரியும். டிரைவர் கண்ணுக்கு நேரா, கேமராவுக்கு முன்னால அது வந்துட்டா கண்ணாடியையே மாத்த வேண்டியதுதான்.

மதுரை_டீசல்:
இவ்வளவு எதுக்கு? 0000 ஸ்டீல் உல் போட்டு நாலு தேய், வேலை முடிஞ்சது.

பட்டறை_பாலு:
0000ன்னா ரொம்ப மெல்லிசான கம்பி, அது சரி, வெளிப்பக்கம், ஈரத்துல. ஆனா பாத்திரக் கடையில சுருள் சுருளா விக்கிறது 0000 இல்ல. அந்தக் கம்பி தடிமன், கோடு விழும். யாராவது கடைக்குப் போயி "ஸ்டீல் உல்"னு மட்டும் கேட்டா அதைத்தான் எடுத்துக் குடுப்பாங்க, அதான் பயம். இன்னொண்ணு, பாத்ரூம் ஆசிட் பக்கமே போயிடாதீங்க. ஹைட்ரோஃபுளோரிக், அமோனியம் பைஃபுளோரைடு கலந்த கறை நீக்கிகள் கண்ணாடியையே அரிக்கும், தோல்ல பட்டா உள்ள வரைக்கும் இறங்கும்.

திருப்பூர்_வண்டி:
ரொம்ப நன்றிங்ணா. தண்ணி ஊத்திப் பாத்தேன், டிரைவர் பக்கம் முத்து முத்தா நிக்குது. வினிகருக்குப் புள்ளி இளகுது. ஆல்கஹால் போட்டா டெஃப்லான் வாரண்டி போயிடுமுங்களா? திரும்பப் புள்ளி வராம இருக்க என்ன பண்றது?

நெல்லை_மெக்:
கோட்டிங் பெயிண்ட்டுக்கு. கண்ணாடியில இருக்கிறது கை தவறிப் பட்டது, அது போறதுதான் நல்லது. பானெட் மேல ஒரு துணி போட்டுக்கிட்டு வேலை பாருங்க.

புள்ளி வர்றதுக்குக் காரணம் தண்ணி உலர்றது. வெயில்ல கழுவாதீங்க, கழுவினதும் துடைச்சு எடுங்க. கடைசி அலசலுக்கு வீட்டு ஏசியில சொட்டுற தண்ணியைப் பிடிச்சு வைங்க, அதுல உப்பு கிட்டத்தட்ட இல்ல. ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற கழிவுத் தண்ணி நேர் எதிர், போர் தண்ணியை விட மோசம். வைப்பர் டேங்குலயும் போர் தண்ணி ஊத்தியிருந்தா காலி பண்ணிடுங்க. இல்லேன்னா நீங்க பட்டன் அமுக்குற ஒவ்வொரு தடவையும் புள்ளியை நீங்களே தெளிச்ச மாதிரி, நாளடைவுல நாசில் துளையும் அடைச்சுக்கும்.