வெளிநாட்டுல படிக்கப் போறேன், வீடு பார்க்க வழி சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே. முதுகலைக்கு இடம் கிடைச்சாச்சு, விசாவும் வந்தாச்சு. தங்கத்தான் இன்னும் வழி பிறக்கல. பல்கலைக்கழக விடுதியில காத்திருப்போர் பட்டியல்ல தொங்கிட்டிருக்கேன்.

நேத்து ஒரு விளம்பரம். பளிச்சுன்னு அறை, ஜன்னலோரம் மேசை. வீடியோ கால்ல காட்டுங்கன்னு கேட்டேன். "நான் வெளியூர்ல இருக்கேன், முன்பணம் போடுங்க, சாவி கூரியர்ல வரும்"னு பதில். அந்தப் படத்தையே இணையத்துல போட்டுத் தேடினா, வேற ஏதோ நாட்டு ஹோட்டல் அறை! மயிரிழையில தப்பிச்சேன்.

அண்ணன்மாரே, அக்காமாரே, முதல் ரெண்டு வாரம் தற்காலிகமா எங்கயாவது தங்கிட்டு நேர்ல பார்த்து எடுக்கறது நல்லதா? நாலு பேர் சேர்ந்து எடுத்தா வாடகை குறையும், சரி. ஆனா கூட்டு ஒப்பந்தம்னா நடுவுல ஒருத்தர் கம்பி நீட்டினா அவர் பங்கும் நம்ம தலையிலதானாமே? தனித்தனி ஒப்பந்தம் கேட்டு வாங்கினவங்க இருக்கீங்களா?

இன்னொண்ணு. உள்ளூர் ஜாமீன்தாரர் வேணுங்கறாங்க. அங்க எனக்கு யாரையும் தெரியாது. கொஞ்ச மாச வாடகையை மொத்தமா முன்கூட்டியே கட்டினா ஒத்துக்குவாங்களா?

ஒப்பந்தம் 12 மாசத்துக்கு, வகுப்பு 10 மாசம்தான். லீவுல உள்வாடகைக்கு விட்டவங்களும் சொல்லுங்க. அடுத்த மாசம் கிளம்பணும்.