"எனக்குப் பசிக்குது": எழுவாய் இல்லாத இடத்துக்கு ஒரு சொல் வேண்டும்

தலவாக்கலையிலிருந்து, தமிழ் ஆசிரியர்:

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

போன கிழமை தரம் 9 பிள்ளைகளுக்கு எழுவாய், செயப்படுபொருள், பயனிலை மூன்றையும் மீட்டிக்கொண்டிருந்தேன். "அட்டை அம்மாவைக் கடித்தது" என்று பலகையில் எழுதினேன். மழைக்காலம், வீட்டுக்கு வீடு அதற்குச் சாட்சி உண்டு. பிறகு "அம்மாவை அட்டை கடித்தது" என்று புரட்டிப் போட்டேன். எப்படிப் புரட்டினாலும் கடித்தது அட்டைதான், 'ஐ' உருபு அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இப்படி இடம் மாற்றினால் அம்மா அட்டையைக் கடித்த கதையாகிவிடும் என்றேன். வகுப்பு சிரித்தது.

அடுத்து "அக்கா கொழுந்து பறிக்கிறாள்". அரைவாசிப் பேர் கொழுந்தையும் எழுவாய் என்றார்கள். பிழை சொல்ல முடியாது, அங்கே உருபு இல்லையே. தேயிலை மலையில் யாரும் "கொழுந்தைப் பறிக்கிறேன்" என்று சொல்வதில்லை. "அந்தக் கொழுந்தை ஏன் கொட்டினாய்?" என்று குறிப்பாகச் சுட்டும்போதுதான் 'ஐ' வெளியே வரும். ஆகவே ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்தேன்: வினைமுற்றின் விகுதியைப் பார், அதோடு ஒத்துப்போகும் பெயர்தான் எழுவாய். பறிக்கிறாள் என்றால் அக்கா.

அந்த விதியே என் காலை வாரியது. பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எனக்குப் பசிக்குது. இதுல எழுவாய் எது?" இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கேள்வி இலக்கணமா விண்ணப்பமா என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு, உனக்கு, அவளுக்கு, எங்களுக்கு என்று எதைப் போட்டாலும் வினை 'பசிக்கிறது' என்றே நிற்கிறது. "எனக்கு உன்னைத் தெரியும்" இன்னும் மோசம். 'உன்னை' செயப்படுபொருள், 'தெரியும்' பயனிலை, எழுவாயைக் காணோம். 'எனக்கு'தான் வாக்கியத்தின் தலை என்று காது சொல்கிறது, 'கு' உருபோ "இல்லை" என்கிறது. சிலர் இதை 'நான்காம் வேற்றுமை எழுவாய்' என்று எழுதுகிறார்கள். தேங்காய் போடாத தேங்காய்ச் சம்பல் மாதிரி இருக்கிறது. 'எழுவாய் வேற்றுமை பெயர் தோன்று நிலையே' என்கிறது தொல்காப்பியம். உருபு ஏற்காமல் பெயர் தானாக நிற்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். 'கு' ஏறிய பிறகு அது எப்படி எழுவாய் ஆகும்?

நல்ல சொல் ஒன்று தாருங்கள். என் பங்குக்கு: உறுவாய். துன்புற்றான், நோயுற்றான், மகிழ்வுற்றான் என்கிறோம் அல்லவா, அந்த 'உறு'. எழுவாய்க்கு இயைபாகவும் இருக்கிறது.

ஹாலி எலயிலிருந்து:

சேர், முதலில் ஒரு தடை. "எனக்குப் பசிக்கிறது" என்பதில் 'பசி' தோன்றா எழுவாயாக உள்ளே இருக்கிறது என்று கொண்டால் என்ன? "எனக்குப் பசி வந்தது" என்பதில் பசி எழுவாய்தானே. புதுச்சொல்லே தேவைப்படாது.

தேவைதான் என்றால் *உறுபொருள்* என்று வையுங்கள், செயப்படுபொருளுக்குச் சோடியாக இருக்கும். 'உறுவாய்' வேண்டாம். 'சால உறு தவ நனி கூர் கழி மிகல்' என்று, 'உறு' என்றால் மிகுதி என்று, நன்னூல் படித்த பிள்ளை அதைப் 'பெரிய வாய்' என்று பிரிக்கும். எங்கள் பாடசாலையில் அந்தப் பட்டத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

பண்டாரவளையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றுவது என் தொழில். பசி விஷயத்தில் இரண்டு மொழிகளும் ஒரே லயத்தில்தான் குடியிருக்கின்றன. "மட்ட படகினி" என்றால் "எனக்குப் பசி". 'பட' வயிறு, 'கினி' நெருப்பு. விளங்குவதற்கும் அப்படித்தான், "மட்ட தேரெனவா". ஆனால் அறிவதற்கு "மம தன்னவா" என்பார்கள், அதாவது 'நான்'. சிங்கள நண்பர்கள் தமிழ் பேசும்போது "நான் தெரியும்" என்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று இப்போது பிடிபடும். மலையாளத்தில் "எனிக்கு விசக்குன்னு". ஆங்கிலத்திலும் பழைய 'மீதிங்க்ஸ்' இதே இனம்தான், 'எனக்குத் தோன்றுகிறது'.

சொல்லை விட எனக்கு எல்லைதான் கவலை. "எனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்" என்று ஒருவர் சொல்கிறார். (மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: ஒரு நாள் வேலைக்கான சம்பளம் ஒரு 'பேர்'. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்.) இங்கே அரைப்பேர் எழுவாயாக நிற்கிறது, 'எனக்கு'ம் இருக்கிறது. இதையும் உங்கள் புதுச்சொல்லுக்குள் சேர்ப்பீர்களா? "கணக்கப்பிள்ளை எனக்குப் பேர் போட்டார்" (தோட்டத்துக் கணக்கர் என் நாட்சம்பளத்தைப் பதிந்தார்) என்றால்? 'கு' வந்த இடமெல்லாம் புதுப்பெயர் சூட்டினால் நான்காம் வேற்றுமைக்கு வேலையே இராது.

தலவாக்கலையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. தோன்றா எழுவாய்க் கணக்கு 'பசிக்கிறது' வரைக்கும் ஓடும். "எனக்கு உன்னைத் தெரியும்" என்பதில் எதை உள்ளே ஒளித்து வைப்பது? "தெரிவு தெரியும்" என்றா? அங்கே 'ஐ' உருபே நிற்கிறது. செயப்படுபொருள் இருக்க எழுவாய் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறோம், இல்லாத ஒன்றை ஏன் கற்பிக்க வேண்டும்?

உறுபொருளை நானும் யோசித்தேன். குறள் அதை எடுத்துக்கொண்டுவிட்டது: 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று அரசனுக்குத் தானாக வந்து சேரும் செல்வம். அதைவிட, பசியோடு நிற்கும் பிள்ளையைப் 'பொருள்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலக்கணத்தில் அது குற்றமில்லை என்று தெரியும், இருந்தாலும்.

எல்லைக்கு 'தன்' என்ற சொல்லை வைத்துப் பார்ப்போம். "கணக்கப்பிள்ளை அக்காவுக்குத் தன் பேனையைக் கொடுத்தார்." பேனை யாருடையது? கணக்கப்பிள்ளையுடையது. 'தன்' அக்காவைத் தாண்டிப் போய் எழுவாயைப் பிடிக்கிறது. இனி, "அக்காவுக்குத் தன் பிள்ளையைப் பிடிக்கும்." பிள்ளை அக்காவுடையதுதான். இரண்டிலும் அதே 'கு'. முதலாவதில் அவள் கொடையை ஏற்பவள் மட்டும், இரண்டாவதில் எழுவாய்க்குரிய உரிமை அவள் கையில். "அக்காவுக்குத் தன் சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது" என்பதிலும் 'தன்' அக்காவிடமே வருகிறது, ஆகவே அரைப்பேர்க்காரர் உள்ளே. "பேர் போட்டார்" வெளியே. வகுப்பில் செய்து பார்த்தேன், பிள்ளைகள் என்னை விட வேகமாகப் பிரித்தார்கள்.

ஹாலி எலயிலிருந்து:

'தன்' சோதனைக்கு ஒப்புக்கொள்கிறேன், தோன்றா எழுவாயைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 'உறுவாய்' என்பதில் பெரிய வாயை விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எழுவாய் என்பது வடிவத்தின் பெயர் என்று நீங்களே சொன்னீர்கள். நீங்கள் தேடுவதோ வினையில் அது வகிக்கும் பங்கின் பெயர். தொல்காப்பியர் இரண்டையும் வேறு வேறு இடத்தில்தான் வைத்திருக்கிறார். வேற்றுமைகளை ஒரு பக்கம் எண்ணிவிட்டு, 'வினையே செய்வது செயப்படு பொருளே நிலனே காலம் கருவி' என்று தொழிலின் முதனிலைகள் எட்டை, அதாவது ஒரு தொழில் நடக்கக் காரணமானவற்றை, இன்னொரு இடத்தில் எண்ணுகிறார். அங்கே 'எழுவாய்' என்ற சொல்லே இல்லை, *செய்வது* என்றுதான் இருக்கிறது. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கு என்கிறார். உரைகாரர் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தானாக மெழுகாது, ஆனாலும் எழுவாய் அதுதான். வடிவம் வேறு, பங்கு வேறு.

அப்படியானால் சோடி தேட வேண்டியது எழுவாய்க்கு அல்ல, செய்வதற்கு. உறுவது. ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. கொழுந்து பறிக்கும் அக்கா 'செய்வது', பசிக்கும் அக்கா 'உறுவது'.

பண்டாரவளையிலிருந்து:

உறுவதுக்கு என் வாக்கு. வழக்கில் 'நேரப்போவது' என்ற பொருளும் அதற்கு உண்டு. ஆனால் 'செய்வது' என்பதையும் நாள் முழுக்க வேறு பொருளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தலவாக்கலையிலிருந்து:

இயைபை இழப்பதில் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் சரி, உறுவது.

நாளைக்குப் பலகையில் இரண்டு வரிசை போடப் போகிறேன். வடிவத்துக்கு ஒன்று: எழுவாய், ஐ, கு. பங்குக்கு ஒன்று: செய்வது, செயப்படுபொருள், உறுவது. பரீட்சையில் கேட்டால் "எழுவாய் இல்லை" என்றே எழுதச் சொல்வேன், திருத்துபவர் நம் விவாதத்தைப் படித்திருக்கமாட்டார். அந்தப் பின்வாங்குப் பிள்ளைக்கு இடைவேளைக்கு முன்னமே பதில் சொல்லிவிட வேண்டும்.